தூண்டில் முனையில் ஆறு பருவங்கள்



நாட்காட்டியில் தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. ஏரியைக் கேட்டால் அது இதை ஒப்புக்கொள்ளாது. ஐப்பசி மழையில் வரத்துக்கால் நிறைந்து, செம்மண் கலந்த புதுவெள்ளம் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறதே, அன்றுதான் ஏரிக்கு ஆண்டுப் பிறப்பு. தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றுதான் கொண்டுவருகிறது. அது வீசுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்று மாதங்களையே நம்பியிருக்கின்றன.

ஏரிக்கரையில் தூண்டிலுடன் உட்கார்ந்திருப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மூங்கில் கழி, சிறிது நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு. இவ்வளவுதான் அவருடைய கருவிகள். அவருக்கு மீன்பிடிப்பது தொழில் அன்று, பொழுதுபோக்கு. ஆனால் மீன் எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்த இடத்தில் இருக்கும் என்று அவர் கணக்கிடுகிறார் அல்லவா? அந்தக் கணக்கில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் கலந்திருக்கின்றன. செங்கற்பட்டுப் பகுதிக்கு ‘ஏரி மாவட்டம்’ என்று ஒரு பெயர் உண்டு. அங்குள்ள ஏரி ஒன்றின் கரையில், அவர் பக்கத்தில் ஓராண்டு உட்கார்ந்து பார்ப்போமா?

முதலில் ஒரு சொல். பெரும்பாலான ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைக்காரரைக் கேட்காமல் தூண்டில் போடுவது முறையன்று.

கூதிர்: ஐப்பசி, கார்த்திகை

புதுவெள்ளம் வந்த இரவில் வரத்துக்காலின் வாயில் விளக்கைப் பிடித்தால் ஒரு காட்சியைக் காணலாம். கெண்டை, அயிரை, கெளுத்தி முதலிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். வெள்ளத்தோடு போவது எளிதாயிற்றே, எதிர்த்து ஏன் போக வேண்டும்?

முட்டையிடத்தான். மேலே புதிதாக நீர் பரவிய புல்வெளிகளும் வயல்களும் இருக்கின்றன. அங்கே நீர் ஆழமில்லை. பெரிய மீன்கள் வந்து குஞ்சுகளைத் தின்ன முடியாது. மட்கிய புல்லில் நுண்ணுயிர்கள் பெருகுவதால் குஞ்சுகளுக்கு உணவுக்கும் பஞ்சமில்லை. வெப்பநிலை குறைவது, நீர் ஓடுவது, புதுநீர் கலப்பது ஆகிய அறிகுறிகள் மீனின் மூளைக்கு எட்டுகின்றன. உடனே மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஹார்மோனைச் சுரக்கிறது, முட்டைகள் முதிர்கின்றன.

இந்த உண்மையைப் பயன்படுத்தி இந்திய அறிவியலார் ஓர் அரிய செயலைச் செய்தார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளின் மீன்கள். ஆற்று வெள்ளம் இல்லாத குளத்தில் அவை வளருமே தவிர, இனம் பெருக்குவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்பவர் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, இவ்வகைக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். வெள்ளம் செய்ய வேண்டிய வேலையை ஓர் ஊசி செய்துவிட்டது! இன்று நம் ஏரிகளில் விடப்படும் கட்லாக் குஞ்சுகள் இவ்வழியில் பொரிப்பகங்களில் பிறந்தவையே. ஜூலை 10 இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம்.

மழைக்காலத்தில் கோரைப்புல் ஓரமாக இன்னொன்றும் கண்ணில் படும். நீர்ப்பரப்பின் கீழே ஒரு முறம் அளவுக்குச் செம்மேகம் ஒன்று நகரும். அவ்வப்போது சிறு குமிழிகள் கொப்பளிக்கும். அவை விரால் பார்ப்புகள். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாக நீந்துகின்றன. அவற்றின் அடியில் காவலாக நிற்பது பெரும்பாலும் தந்தை விரால். சில சமயம் தாயும் உடன் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எது விழுந்தாலும், பசியில்லாவிட்டாலும், விரால் பாய்ந்து கவ்வும். ஒரு தவளையைத் தூண்டிலில் கோத்து அங்கே வீசினால் இரண்டு கிலோ விரால் உறுதி.

வீசலாமா, கூடாதா? இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

முன்பனி: மார்கழி, தை

கலங்கல் வழிந்து நின்றுவிட்டது. ஏரி நிறைந்து, வண்டல் படிந்து, நீர் தெளிந்திருக்கிறது. அருகில் உள்ள வேடந்தாங்கலில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் இது. சுற்றுவட்டார ஏரிகளில் பிறந்த மீன்குஞ்சுகள்தாம் அந்தப் பறவைக் குஞ்சுகளுக்குச் சோறு.

மார்கழி விடியலில் தூண்டில் போட்டால் தக்கை அசையாமல் நிற்கும். மீன் இல்லாமல் இல்லை. மீனின் உடல் வெப்பநிலை நீரின் வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இத்தகைய உயிரிகளின் உடலில் நடக்கும் வேதிவினைகள் ஏறக்குறைய இரு மடங்காகின்றன, குறைந்தால் பாதியாகின்றன. குளிர்ந்த நீரில் மீனுக்குச் செரிமானம் மெதுவாகிறது, பசியும் குறைகிறது. அதனால் நம் தூண்டிற்காரர் ஒன்பது மணிக்கு மேல் வருகிறார். கரையோரத்தின் ஆழமற்ற நீர் வெயிலில் முதலில் சூடாகும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் பருவத்தில் அவர் நின்றுகொண்டு தூண்டில் போடுவதில்லை. சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். ஏன்?

ஒளிவிலகல் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். நீருக்கும் காற்றுக்கும் இடையே மாறுநிலைக் கோணம் 48.6 டிகிரி. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, மேலுலகம் முழுவதும் ஏறக்குறைய 97 டிகிரி விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சாளரத்துக்கு வெளியே ஏரியின் அடித்தரையின் பிரதிபலிப்புத்தான் தெரியும். அடிவானத்தை ஒட்டியுள்ள பொருள்கள் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கலாகத் தெரியும். மீனிலிருந்து 6 மீட்டர் தொலைவில் நீங்கள் நின்றால், உங்கள் தலை நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 16 டிகிரி ஏற்றத்தில் இருக்கும். மீன் உங்களைக் கண்டுகொள்ளும். உட்கார்ந்தால் அது 10 டிகிரிக்கும் குறைவு. நீங்கள் விளிம்பின் மங்கலில் மறைந்துவிடுகிறீர்கள். கலங்கிய ஐப்பசி நீரில் இந்தக் கவலை இல்லை. தெளிந்த தை நீரில் உண்டு.

பின்பனி: மாசி, பங்குனி

மதகு திறந்து நெல்வயல்களுக்கு நீர் போகிறது. ஏரி நாளுக்கு நாள் சுருங்குகிறது. மீன்கள் நெருங்கி வருகின்றன. தூண்டிற்காரருக்கு இது நல்ல பருவம். தக்கையைக் கவனித்துக் கற்க வேண்டிய பருவமும் இதுதான்.

தக்கை ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தால் மிதக்கிறது. நரம்பில் சிறு ஈயக்குண்டைக் கோத்து, அதன் எடையைத் தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி சரிசெய்ய வேண்டும். அப்போது மிகச் சிறிய இழுப்பும் தக்கையை அமிழ்த்திவிடும். கெளுத்தி இரையைக் கவ்வியதும் நேரே கீழே இழுக்கும்; தக்கை ‘சடக்’கென்று மறையும். ஜிலேபிக் கெண்டை கொறிக்கும், தக்கை நடுங்கும். அடியில் மேயும் சேல்கெண்டை செய்வது வேடிக்கையானது. அது இரையை உறிஞ்சித் தலையை நிமிர்த்தும்போது ஈயக்குண்டும் சேர்ந்து மேலே வரும். தக்கையைக் கீழே பிடித்திருந்த எடை நீங்கிவிடுவதால், தக்கை அமிழ்வதற்குப் பதிலாக எழும்பிப் படுத்துவிடும். ‘தக்கை படுத்தால் கெண்டை’ என்பதற்குப் பின்னால் இருப்பது மிதப்பு விசைதான்.

கரையில் தடதடவென்று நடக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதிலும் காரணம் உண்டு. மீனின் உடலின் இருபுறமும் செவுளிலிருந்து வால் வரை பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு ஓடுகிறது. நீரின் சிறு அசைவையும் அது உணரும். கெண்டை, கெளுத்தி இனங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அவற்றின் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று இணைக்கிறது. காற்றுப்பை முரசுபோல் அதிர, எலும்புகள் அந்த அதிர்வைச் செவிக்குக் கடத்துகின்றன. மீன்களிடையே நல்ல செவி படைத்தவை இவை. நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. நீங்கள் கரையில் குதித்த செய்தி, தூண்டில் நீரில் விழுவதற்கு முன்பே அவற்றுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இளவேனில்: சித்திரை, வைகாசி

இப்போது ஏரியில் எஞ்சியிருப்பது மதகை ஒட்டிய பள்ளம் மட்டுமே. விடியற்காலையில் அங்கே போனால், மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து மூடுவதைக் காண்பீர்கள். பசியால் அன்று, மூச்சுத் திணறலால்.

20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அதிகமாகப் போனால் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. வெப்பம் ஏறினால் மீனின் உடல்வினைகள் இரு மடங்காகும் என்று மார்கழியில் பார்த்தோம். ஆகவே கோடையில் மீனுக்குத் தேவை இரட்டிப்பாகிறது, இருப்போ குறைகிறது! பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து ஆக்சிஜனை உட்கொள்கின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்புதான் இருப்பு மிகக் குறைவு. மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் காலை மீன்கள் செத்து மிதந்தால், எவரோ நஞ்சு கலந்தார் என்று முடிவுகட்டுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனால் விரால் கவலைப்படுவதில்லை. ஒரு லிட்டர் காற்றில், ஒரு லிட்டர் நீரிலுள்ளதைப்போல ஏறத்தாழ 35 மடங்கு ஆக்சிஜன் இருக்கிறது. விரால், குறவை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை செவுளோடு தனிக் காற்றறையும் உடையவை. மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கின்றன. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் நீருக்குள்ளேயே அடைத்தால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். நீரில் மூழ்கிச் சாகும் மீன்!

1791ஆம் ஆண்டு, டேனிஷ்காரர்களின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். அச்செய்தி 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பறவைகள் கௌவிச் சென்று மரத்தில் நழுவவிட்ட மீனாக இருக்கலாம் என்று பின்னாளில் விளக்கம் கூறினர். மரமேறும் கதை எப்படியானாலும், பனையேறிக் கெண்டை செவுள்மூடி முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போவது உண்மை.

இந்தப் பருவத்தில்தான் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும். பொழுதுபோக்குக்காகப் பிடித்து விடுபவர் இப்போது தூண்டிலைச் சுருட்டி வைப்பதே நல்லது. சூடான, ஆக்சிஜன் குறைந்த நீரில் போராடிக் களைத்த கெண்டையை நீங்கள் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது.

முதுவேனில்: ஆனி, ஆடி

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கிலிருந்து வரும் இக்காற்று, எஞ்சிய நீரை அலைத்து ஆக்சிஜனை ஊட்டுகிறது. மிதக்கும் நுண்ணுயிர்களைக் கிழக்குக் கரையோரம் ஒதுக்குகிறது. அவற்றை வடிகட்டி உண்ணும் கட்லாவும் அங்கே போகிறது. காற்று முகத்தில் அடிக்கும் கரையில் தூண்டில் போடுவது சிரமம்; ஆனால் மீன் இருக்கும் இடம் அதுதான்.

மழை பொய்த்த ஆண்டில் ஏரி முற்றிலும் காய்ந்து வெடித்துவிடும். மாடுகள் மேயும், பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஆனால் அடுத்த மழையில் மீன் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்வாரும் உண்டு.

விடை காலடியில் இருக்கிறது. விரால் சேற்றுக்குள் புதைந்து, தோலும் காற்றறையும் ஈரமாக உள்ளவரை, வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மற்றவை மேலேயுள்ள ஏரிகளிலிருந்து வருகின்றன. நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி சங்கிலியாக அமைத்தார்கள். நீர் வரும் வழியே மீன் வரும் வழி. கால்வாயை மண் மூடியோ வீடு கட்டியோ அடைத்துவிட்டால் நீர் மட்டுமா நிற்கும்? மீனும் நின்றுவிடும்.

கார்: ஆவணி, புரட்டாசி

மாலை நேரத்து இடிமழை தொடங்குகிறது. பள்ளங்களில் கலங்கல் நீர் சேர்கிறது. கண்ணால் இரை தேடும் மீன்கள் தடுமாறும்போது கெளுத்திகள் கொழுக்கின்றன. அவற்றின் மீசையிலும் உடல் தோலிலும் சுவை மொட்டுகள் பரவியிருக்கின்றன. உடம்பெல்லாம் நாக்கு என்று சொல்லலாம்! அதனால்தான் சேற்றுநீரில் மண்புழுவின் மணம் அவற்றை இழுக்கிறது.

தேளி சிக்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் மார்புத்துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் கையை வைத்திருந்து, மருத்துவரிடம் செல்லுங்கள். இடி கேட்டதும் கரையை விட்டு அகலுங்கள். திறந்த வெளியில் கழியை உயர்த்தி நிற்பவரே மின்னலுக்கு எளிய இலக்கு.

செம்மேகத்துக்குத் திரும்புவோம்

மறுபடியும் ஐப்பசி. கோரைப்புல் ஓரம் செம்மேகம் நகர்கிறது. அடியில் தந்தை விரால். உங்கள் கையில் தூண்டில். வீசலாமா?

விடை சொல்லுமுன் இன்னொரு மீனைப் பாருங்கள். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. அந்த நாட்களில் அது ஏறத்தாழ எதையும் உண்பதில்லை. ஆகவே தூண்டிலையும் தொடுவதில்லை! குஞ்சு காக்கும் விராலோ, எதையும் கண்டு பாய்ந்து கவ்வுகிறது. அதாவது அடைகாக்கும் நேரத்தில், வந்தேறி மீனைத் தூண்டில் தீண்டுவதில்லை. நம் மண்ணின் மீனைத்தான் அது எளிதில் கொல்கிறது. தந்தையை இழந்த சில மணி நேரத்தில் அந்த ஆயிரம் குஞ்சுகளும் கெளுத்திக்கும் கெண்டைக்கும் இரையாகிவிடும். நீங்கள் பிடித்தது ஒரு மீன்; ஏரி இழந்தது ஒரு தலைமுறை.

அதே விராலை மாசியில் பிடித்தால்? அப்போது அதைச் சார்ந்து குஞ்சுகள் இல்லை. ஏரி இழப்பது ஒரே மீன். பிடிப்பவரும் மீனும் ஏரியும் அவையே. மாறியது பருவம் மட்டும். ஓராண்டு கரையில் உட்கார்ந்து நாம் கற்ற பாடம் இதுதான்.

சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், நீரின் வெப்பநிலை, தெளிவா கலங்கலா, காற்றின் திசை, எந்த மீன், எந்த இரை என்று எழுதி வாருங்கள். விடும் மீனை நனைந்த கையால் பிடியுங்கள். உலர்ந்த கை அதன் உடலின் வழவழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போடாதீர்கள். அது மட்காது, நாரையின் காலைச் சுற்றும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். அதை வளர்ப்பதற்கே இந்திய அரசு தடை விதித்திருக்கிறது.

ஆறு பருவங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி முடித்தபின் அதை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். பிடித்த மீன்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மற்றப் பக்கங்களில் இருப்பது உங்கள் ஊர் ஏரி.